கணக்கில் வராத ஆட்டங்கள்

1

தர்மராஜ் சேரலாதன் பிறந்தது 1975-ல், தஞ்சை மாவட்டத்தில். புரோ கபடி லீக் தொடங்கியது 2014-ல். தொலைக்காட்சி கேமரா அவர் பக்கம் திரும்பியபோது அவருக்கு வயது 39. அந்த வயதில் நம் ஊர்ப்பக்கத்துக் கபடிக்காரர்கள் பெரும்பாலும் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, டோர்னமெண்டுக்கு அம்பயராகப் போய்க்கொண்டிருப்பார்கள். அவர் அங்கிருந்துதான் உலகத்தின் கண்ணில் படத் தொடங்கினார். பெங்களூரு, பாட்னா, புனே, மும்பை, ஹரியானா என்று அணி மாறி மாறி ஆடினார். 2021 டிசம்பரில் எட்டாவது சீசன் தொடங்கியபோது ஜெய்ப்பூர் அணியில் இருந்தார். அப்போது வயது 46.

நெடுங்காலம் ஆடியவர் என்று அவரைப் பேசும்போதெல்லாம் எல்லாரும் 2014-லிருந்து எண்ணுகிறார்கள். என் மனம் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளிலேயே போய் நிற்கிறது. பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1990-ல். அப்போது அவர் 15 வயதுப் பையன். 15-க்கும் 39-க்கும் நடுவில் எத்தனை ஊர்கள், எத்தனை மண் தரைகள், எத்தனை பஸ் பயணங்கள். நாம் கைதட்டியது ஒரு நீண்ட வாழ்க்கையின் வால் பகுதிக்கு மட்டும்தான்.

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் நான் பார்த்த ஆட்டக்காரர்களுக்கு அந்த வால் பகுதி வாய்க்கவே இல்லை. அவர்களை நினைத்துத்தான் இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தேன்.

2

ஆடியதற்கெல்லாம் கணக்கு வைக்கிற இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு கால்பந்து இருக்கிறது. நீள்வட்டப் பந்து, நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர். கையால் குத்தியும் பந்தைக் கொடுக்கலாம், காலால் உதைத்தும் கொடுக்கலாம். மெல்பர்ன் நகரத்துக்காரர்களுக்கு அது கிட்டத்தட்டக் குலதெய்வம். 1897-ல் அவர்களுடைய பெரிய லீக்கின் முதல் சீசன் நடந்தது. அன்று முதல் யார் எந்த ஆட்டத்தில் இறங்கினார் என்ற கணக்கு கையில் இருக்கிறது.

அதனால்தான் அங்கே ஒரு மனிதனின் உழைப்பை ஒரே எண்ணில் சொல்லிவிட முடிகிறது. பிரென்ட் ஹார்வி: 432 ஆட்டங்கள். 1996-ல் தொடங்கி 2016 வரை, நார்த் மெல்பர்ன் என்ற ஒரே அணிக்கு. அதற்கு முன்னால் மைக்கேல் டக், ஹாதார்ன் அணிக்கு 426. காலிங்வுட் அணியின் ஸ்காட் பெண்டில்பரி 2024-ல் 400-ஐத் தொட்டார். நெடுநாள் ஆடியவர் விடைபெறும் நாளில் அணித் தோழர்கள் இருவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வருவார்கள். எதிரணியினரும் நின்று கைதட்டுவார்கள்.

இவ்வளவு மரியாதை உள்ள இடத்திலும் முடிவு இனிப்பாக இருந்துவிடவில்லை. 432 ஆடிய ஹார்விக்கு, அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம் கிடையாது என்று அணி சொல்லிவிட்டது. அவருக்கு இன்னும் ஆட ஆசை இருந்தது, காலில் வேகமும் இருந்தது. கணக்கு வைத்திருப்பவர்களும் போதும் என்று சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் அவர் வீட்டுக்குக் கொண்டுபோன அந்த எண்ணை யாரும் பிடுங்க முடியாது.

3

கபடியில் கார்னர் என்று ஓர் இடம் உண்டு. ஏழு பேர் கொண்ட வரிசையின் இரண்டு முனைகள். சேரலாதனின் இடம் அது. வலது கார்னரில் நின்று, ரைடு வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்.

ஆடுகளத்தில் ஒரு பக்கத்தின் ஆழம் ஆறரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ரைடர் கட்டாயம் தாண்டவேண்டிய கோடு. அங்கிருந்து ஒரு மீட்டரில் போனஸ் கோடு. அதற்குப் பின்னால், கடைசிக் கோடு வரைக்கும் மிஞ்சுவது 1.75 மீட்டர். ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் முடிந்தது. அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் கார்னர் ஆட்டக்காரன் தன் காலத்தைக் கழிக்கிறான்.

எதிராளி கபடி கபடி என்று மூச்சைக் கட்டிக்கொண்டு வருகிறான். அவனுக்கு 30 விநாடி. போனஸ் புள்ளி வேண்டுமானால் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் வைக்க வேண்டும், மறு கால் அந்த நேரத்தில் தரையைத் தொடக்கூடாது. அந்தக் கால் வரும், போகும், வருவதுபோல் காட்டிவிட்டுத் திரும்பும். கார்னர் முந்திப் பாய்ந்தால் கை காற்றில் போகும். பாய்ந்தவனைத் தொட்டுவிட்டு ரைடர் வீடு திரும்புவான். பிந்திப் பாய்ந்தாலும் அதே கதி. கால் தரையில் ஊன்றி, உடம்பின் எடை அதன்மேல் இறங்கி, திரும்பக் கிளம்பாத ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் கை அங்கே இருக்க வேண்டும்.

இருபது வயதில் இதற்கு வேகம் உதவும். நாற்பதுக்கு மேல் வேகம் பாதி போய்விடும். மிஞ்சியிருப்பது, எந்தக் காலை விட்டுவிட வேண்டும் என்ற அறிவு. பத்துக் கால் வந்தால் ஒன்பதை விட்டுவிட்டு ஒன்றுக்குக் குனிவது. நெடுங்காலம் ஆடியவர்களின் ஆட்டத்தை உற்றுப் பார்த்தால், அவர்கள் செய்வதைவிடச் செய்யாமல் விடுவதுதான் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. பார்க்கிறவனுக்கு அது சோம்பல்போலத் தெரியும். கூட நிற்கிற பையனுக்குத்தான் அதன் மதிப்புத் தெரியும்.

4

அறுவடை முடிந்த தை மாதத்தில், மேலூர், வாடிப்பட்டிப் பக்கமெல்லாம் டோர்னமெண்டு நடக்கும். கல் பொறுக்கி, மண்ணைச் சலித்துக் கொட்டி, தண்ணீர் தெளித்து இறுக வைப்பார்கள். கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார்கள். நாலு மூலையிலும் கம்பம் நட்டு போகஸ் லைட். முதல் பரிசு தருகிறவர், இரண்டாம் பரிசு தருகிறவர், கோப்பை தருகிறவர், கிடா தருகிறவர் என்று பிளக்ஸில் வரிசையாக முகங்கள். அய்யனார் பேரிலும் கருப்பசாமி பேரிலும் அணிகள். மைக் ஓயாது.

அப்படி ஓர் இரவு, நாற்பதைத் தாண்டிய ஒருவர் இடது கார்னரில் நின்றார். முழங்காலில் நீ-கேப். அரைவேளை இடைவெளியில் பக்கத்தில் நிற்கிற பையன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான்.

“அண்ணே, கால் வலிக்குதுன்னா உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்.”

“நீ பாத்துக்கிறதத்தான்டா நான் பாத்துக்கிட்டிருக்கேன். அவன் முதல்ல வைக்கிற காலு சும்மா காட்டுற காலு. அத விட்ரு. அடுத்த காலு வர்ற வரைக்கும் கையத் தூக்காத.”

“அவன் தொட்டுட்டுப் போயிட்டான்னா?”

“போகட்டும். ஒரு பாயிண்டுதான. நீ வெளிய போனா நாங்க ஆறு பேரு.”

இரண்டாம் பாதியில் பையன் இரண்டு பிடி பிடித்தான். பெரியவர் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஸ்கோர் எழுதுகிறவர் பையன் பெயருக்கு நேரே இரண்டு கோடு இழுத்தார். சொல்லிக்கொடுத்த கணக்கு அந்த நோட்டில் ஏறாது. பரிசு கொடுத்து முடிந்ததும், அந்த நோட்டும் மைக் செட்டுச் சாமான்களோடு எங்கோ போய்விட்டது. மறுநாள் காலையில் கோடுகள் மட்டும் கிடந்தன. இரண்டு நாளில் ஆடுகள் மிதித்து அதுவும் போயிருக்கும்.

அவர் எத்தனை வருடமாக ஆடுகிறார் என்று கேட்டேன். “கலியாணத்துக்கு முந்தியே” என்றார். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. அவரிடம் எண் கிடையாது.

5

மாடுபிடியில் இப்போது எண்ணிக்கை வந்துவிட்டது. அலங்காநல்லூரில் 2023-ல் பூவந்தி அபிசித்தர் 26 காளைகளைப் பிடித்து முதலிடம் வந்தார். 2024-ல் கருப்பாயூரணி கார்த்திக் 18, அபிசித்தர் 17. ஒரே ஒரு காளை வித்தியாசத்தில் கார் கைமாறியது. 2025-ல் மறுபடி அபிசித்தர், 20. தொலைக்காட்சியில் சுற்றுக்குச் சுற்று இந்த எண்கள் ஓடுகின்றன. பனியனில் நம்பர், நுழைவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை, ஆன்லைன் பதிவு, எல்லாம் இருக்கிறது. கீழக்கரையில் 2024 ஜனவரியில் தனி அரங்கமே திறந்துவிட்டார்கள்.

ஆனால் இவை ஒரு நாளின் எண்கள். மாலையில் பரிசு கொடுத்ததும் முடிந்தன; அடுத்த தையில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பதினைந்து வருடம் வாடிவாசல் முன்னால் நின்ற ஒருவர், மொத்தம் எத்தனை திமிலை அணைத்தார் என்று யார் வைத்திருக்கிறார்கள்? மாட்டின் வம்சம் சொல்ல ஆள் இருக்கிறது. எந்தத் தொழுவம், எந்தத் தாய்ப் பசு, எந்தக் கோயில் மாடு, எந்த வருடம் பிடிபடாமல் போனது என்று மூன்று தலைமுறை சொல்வார்கள். பிடித்தவனின் கதை, பட்ட குத்துத் தழும்பில்தான் இருக்கிறது. சட்டையைத் தூக்கிக் காட்டுவார். தழும்புக்குத் தேதி கிடையாது. “இது பாலமேடு” என்பார். வருடம் கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்.

6

2016 ஜூலை 31. ஹைதராபாத்தில் புரோ கபடி லீக்கின் நான்காவது சீசன் இறுதி ஆட்டம். பாட்னா பைரேட்ஸ் 37, ஜெய்ப்பூர் 29. கோப்பையை வாங்கிய கேப்டன் சேரலாதன், வயது 41. அவருடைய அணியில் புள்ளிகளை அள்ளிக் குவித்த பையன் பர்தீப் நர்வால், வயது 19.

அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் கபடி உலகக் கோப்பை. முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென் கொரியாவிடம் 32–34 என்று தோற்றது. இறுதியில் ஈரானை 38–29 என்று வென்றது. அனுப் குமார் கேப்டன். அந்த அணியில் சேரலாதனும் இருந்தார், பர்தீப்பும் இருந்தார்.

அனுப் குமார் சேரலாதனைவிட எட்டு வயது இளையவர். அவர் 2018 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். அடுத்த வருடம், 44 வயதில், சேரலாதன் ஹரியானா ஸ்டீலர்ஸின் கேப்டன். பர்தீப் நர்வால் லீக்கில் 1,801 ரைடு புள்ளிகள் சேர்த்தார். அவர் வேகத்துக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியவில்லை. 2025 ஏலத்தில் அவரை வாங்க ஓர் அணியும் கை தூக்கவில்லை. 28 வயதில் ஓய்வு.

இதை வைத்து ஒருவரை மேலே தூக்கி, இன்னொருவரைக் கீழே இறக்க எனக்கு விருப்பமில்லை. ரைடுக்குப் போகிறவன் தனியாளாக ஏழு பேர் நடுவே போகிறான். ஏழு பேரும் அவன் மேலேயே விழுவார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் பதினைந்து, இருபது தடவை அப்படிப் போகிற உடம்பு சீக்கிரம் தேயும். கார்னரில் நிற்கிறவன் தன் நேரத்துக்குக் காத்திருக்கலாம். ஒருவன் எவ்வளவு காலம் ஆடுவான் என்பதில் பாதியை, அவன் நிற்கிற இடமே தீர்மானித்துவிடுகிறது. ஆபீஸிலும் அப்படித்தான், குடும்பத்திலும் அப்படித்தான்.

வடநாட்டுப் பையன்களும் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள். இந்தி பேசும் அணிகளுக்கு நடுவே, தஞ்சாவூர்க்காரர் ஒருவர் பத்தொன்பது வயதுக்காரனுக்கு அண்ணனாக இருந்திருக்கிறார். இப்போது ஆட்டம் முடிந்து பயிற்சிப் பக்கம் வந்துவிட்டார். 2024-ல் தமிழ் தலைவாஸ் அவரை வியூகப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது.

7

மற்ற பாதியைத் தீர்மானிப்பது சம்பளம்.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற ஒருவன் கபடியில் நல்ல கவர் பிளேயர், பிடிக்கிற வரிசையில் நிற்பவன் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மணிக்கட்டு பிசகினால் திங்கட்கிழமை கூலி இல்லை. எலும்பு விட்டுப்போனால் ஒன்றரை மாதம் இல்லை. வீட்டில் முதலில் அம்மா சொல்வாள், பிறகு மனைவி சொல்வாள், கடைசியில் பள்ளிக்கூடம் போகிற மகள் சொல்வாள். மூன்றாவது குரலுக்கு மேல் யாரும் ஆடுவதில்லை. முழங்கால் நன்றாக இருக்கும்போதே நின்றவர்கள்தான் இந்தச் சமவெளியில் அதிகம். திருப்பூர் போனவர்கள், சிங்கப்பூர் போனவர்கள், லோன் போட்டு ஆட்டோ வாங்கியவர்கள்.

ரயில்வே, போலீஸ், வங்கி என்று எதிலாவது விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவனுக்கு ஆட்டம் நீள்கிறது. மாதச் சம்பளம் வருகிறது, காயம் பட்டால் லீவு உண்டு, ஆட்டத்துக்குப் போக அனுமதி உண்டு. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்குச் சாவி சான்றிதழ். மாநில அணி, தேசிய அணி, முத்திரை, கையெழுத்து. தை மாதத்து டோர்னமெண்டில் வாங்கிய கிடாவுக்குச் சான்றிதழ் தருவதில்லை.

முதலமைச்சர் கோப்பையில் பொதுப்பிரிவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. படிப்பை விட்டவர்களும், வேலைக்குப் போகிறவர்களும் வந்து ஆடலாம். வயது 15 முதல் 35 வரை. படிவத்தில் அந்த 35-ஐப் பார்த்தபோது சேரலாதனின் 39 நினைவுக்கு வந்தது. படிவம் போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கோட்டுக்கு அப்பால் நாலு வருடம் கழித்து ஒருவருடைய பெயர் நாடறியத் தொடங்கியது என்பதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

8

2025 கடைசியில் மதுரை ரேஸ் கோர்ஸில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் நடந்தன. நீல நிறச் செயற்கைப் புல்தரை. எந்த நிமிடம் யார் கோல் அடித்தார், யாருக்கு மஞ்சள் அட்டை, எல்லாம் அந்தக் கணமே உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தா, பேரன் மதுரையில் ஆடியதைப் பத்து வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். அதே மதுரையில் பிறந்து, இருபது கிலோமீட்டர் தள்ளி ஆடிய உள்ளூர்க்காரனின் பேரனுக்கு அந்த வசதி இல்லை.

ஒரு நாள் முழுக்க இதை யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் ஏறாத ஆட்டம் ஆட்டம் இல்லையா? ஆடும்போது அவனுக்கு என்ன குறைந்துவிட்டது? கூட்டம் இருந்தது, விளக்கு இருந்தது, எதிரணி இருந்தது. பிடி விழுந்த கணத்தில் கத்தல் எழுந்தது. அந்தச் சந்தோஷம் ஹார்வியின் 432-ல் எந்த ஒன்றுக்கும் குறைந்தது இல்லை. நோட்டுப் போட்டு எழுதினால்தான் அது நிறையும் என்பது ஆபீஸ் புத்தி. இப்படி நினைத்தபோது மனம் அமைதியாயிற்று.

அந்த அமைதியின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அது எளிது. நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு அரசு ஓய்வூதியம் தருகிறது. 58 வயது நிறைந்திருக்க வேண்டும். தேசிய, சர்வதேசப் போட்டிகளில் இடம் பிடித்ததற்கு ஆதாரம் வேண்டும். முப்பது வருடம் ஊர் ஊராக ஆடியவனிடம் இருப்பது நாலைந்து மங்கிய போட்டோ, ஒரு பித்தளைக் கோப்பை, வளையாத ஒரு விரல். அவனுடைய ஆனந்தம் உள்ளுக்குள் நிறைந்திருக்கிறது என்று நான் இங்கே உட்கார்ந்து எழுதுவதால் அவனுக்கு மாத்திரை வாங்கக் காசு வராது.

9

ஆகவே தியானத்தை இங்கே நிறுத்திவிட்டு ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

கோயில் திருவிழாவுக்கு வரி வசூல் நோட்டு போடுகிறோம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று, ஐம்பது ரூபாய் முதற்கொண்டு எழுதி, ரசீது கொடுத்து, கடைசியில் மைக்கில் வாசிக்கிறோம். கலியாண வீட்டில் மொய் எழுதி, அந்த நோட்டைப் பீரோவில் வைத்து இருபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கிறோம். கணக்கு எழுதத் தெரியாத ஊர் இல்லை இது. டோர்னமெண்டு நடத்தும் கமிட்டி இன்னொரு நோட்டும் போடலாம். தேதி, ஊர், அணிகள், களத்தில் இறங்கிய ஒவ்வொருவரின் முழுப்பெயர், வயது, நின்ற இடம். அம்பயர் இருவரின் கையெழுத்து. வருடம் முடிந்ததும் அதைப் போட்டோ எடுத்து மாவட்டக் கபடிக் கழகத்துக்கு ஒரு பிரதி. செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்.

அந்த நோட்டால் இன்னொரு சேரலாதன் உண்டாகிவிட மாட்டார். அரசு உடனே அதை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் பத்து வருடம் நூறு ஊர்களில் இப்படி எழுதி வந்தால், இதை எண்ணிப் பாருங்கள் என்று கேட்க ஒரு பிடிமானம் கிடைக்கும். கேட்பதற்கே இன்று நம் கையில் ஒன்றுமில்லை. வருகிற தைக்கு எங்கள் ஊர்க் கமிட்டியில் இதைப் பேசப் போகிறேன். பையன்கள் சிரிப்பார்கள். பரிசுத்தொகையை ஏற்றுங்கள் என்று கேட்பார்கள். நோட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு என்றால் மறுக்க மாட்டார்கள்.